ஜப்பானிய சூப்பர் ஹீரோ தொடர்கள்: எபிசோடு கணக்கும் ஃபில்லரும் – முக்கியக் குறிப்புகள்

வினாடி வினாவுக்கும் ஊடகவியல் நுழைவுத் தேர்வுக்கும் படிப்பவர்கள் இந்தத் தலைப்பில் எண்களை மட்டும் உருப்போட்டுவிட்டுப் போகிறார்கள். 39, 51, 98, 24 என்று வரிசையாக மனப்பாடம் செய்தால் தேர்வு அறையில் ஒன்றோடொன்று குழம்பும். ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஒரு காரணம் இருக்கிறது. நடிகருக்கு விபத்து, ஒளிபரப்பு நிலையங்களின் கைமாற்றம், ஞாயிற்றுக்கிழமை ஓட்டப்பந்தயம் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். காரணத்தோடு படித்தால் எண் மறக்காது. ஆகவே இரண்டையும் சேர்த்தே தந்திருக்கிறேன்.

அடிப்படைக் குறிப்புகள்

• டொகுசாட்சு: சிறப்புக் காட்சி உத்திகளோடு, உண்மையான நடிகர்களை வைத்து எடுக்கும் ஜப்பானியப் படங்களுக்கும் தொடர்களுக்கும் உரிய பொதுப்பெயர். அனிமே இதில் சேராது.

• மூன்று பெரிய வரிசைகள்: அல்ட்ராமேன் (சுபுராயா ப்ரொடக்‌ஷன்ஸ்), கேமன் ரைடர், சூப்பர் சென்டாய் (இரண்டும் டோயேய்). கேமன் ரைடரையும் சென்டாயின் முதல் தொடரையும் படைத்தவர் இஷினோமோரி ஷோதாரோ.

• தொலைக்காட்சியில் வந்த முதல் டொகுசாட்சு வீரன்: 'கெக்கோ கமென்', 1958. வெள்ளைத் தலைப்பாகை, கறுப்புக் கண்ணாடி, மோட்டார் சைக்கிள்.

• வண்ணத்தில் வந்த முதல் டொகுசாட்சு வீரத் தொடர்: 'மக்மா தைஷி'. தொடங்கிய நாள் 1966 ஜூலை 4, மொத்தம் 52 எபிசோடுகள். இந்தக் கேள்விக்குப் பலரும் 'அல்ட்ராமேன்' என்று எழுதிவிடுவார்கள். அல்ட்ராமேன் 13 நாள் கழித்து, ஜூலை 17 அன்று வந்தது.

• கூர்: ஜப்பானியத் தொலைக்காட்சியில் ஆண்டை நான்காகப் பிரித்த ஒரு காலாண்டு, அதாவது 13 வாரம். வாரம் ஒரு எபிசோடு என்று வைத்தால் ஒரு கூருக்கு 13, இரண்டுக்கு 26, மூன்றுக்கு 39, நான்குக்கு 52. இந்த வாய்ப்பாட்டை முதலில் மனத்தில் இருத்துங்கள். இனி வரும் எந்த எண்ணைப் பார்த்தாலும், அது இந்த நான்கில் எதற்கு அருகில் இருக்கிறது, எவ்வளவு விலகியிருக்கிறது, ஏன் விலகியது என்று கேளுங்கள். இந்தத் தலைப்பில் உருப்படியான கேள்விகள் எல்லாம் அந்த விலகலிலிருந்துதான் பிறக்கின்றன.

அல்ட்ரா வரிசை

• 'அல்ட்ரா க்யூ' (1966): கறுப்பு வெள்ளைத் தொடர். எடுத்தது 28 எபிசோடு. முதல் ஒளிபரப்பில் வந்தது 27. கடைசி எபிசோடு 1967 டிசம்பரில் மறு ஒளிபரப்பின்போதுதான் திரைக்கு வந்தது. 1966 ஜூலை 10 அன்று அந்த நேரத்தில் என்ன வந்தது? சுகினாமி பொது மண்டபத்தில் நடத்திப் பதிவு செய்த ஒரு மேடை நிகழ்ச்சி, அடுத்த வாரம் வரவிருந்த புது வீரனை அறிமுகப்படுத்தியது. 'அல்ட்ராமேன் நாள்' ஜூலை 10 அன்று கொண்டாடப்படுவதற்கு இதுவே காரணம். முதல் எபிசோடு வந்த நாள் ஜூலை 17 என்பதையும் சேர்த்து நினைவில் கொள்க. தேதியைக் கேட்டுக் குழப்பும் கேள்வி இது.

• 'அல்ட்ராமேன்' (1966–67): 39 எபிசோடுகள், சரியாக மூன்று கூர். சராசரி பார்வையாளர் விகிதம் 36.8 சதவீதம். அவ்வளவு பேர் பார்த்த தொடரை 39லேயே ஏன் முடித்தார்கள்? எடுத்து முடிக்க ஆளும் நேரமும் போதவில்லை. மாதிரி நகரம் கட்ட வேண்டும், உடை தைக்க வேண்டும், காட்சிகளை ஒன்றன்மேல் ஒன்று பொருத்த வேண்டும். வாரத்துக்கு ஒரு எபிசோடு என்ற ஓட்டத்துக்கு இந்த வேலை ஈடு கொடுக்கவில்லை. இடைவெளியை நிரப்ப டோயேயின் 'கேப்டன் அல்ட்ரா' 24 எபிசோடுகள் வந்தது. அதற்குப் பிறகே அல்ட்ரா செவன்.

• பேகோஸ், நெரோங்கா, மகுலார், கபோரா ஆகிய நான்கு அசுரர்களும் ஒரே உடையிலிருந்து உருவானவை. டோஹோ திரைப்படத்தில் வந்த பாரகோனின் உடையைத் தலையும் முதுகும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினார்கள். ஜிராஸ் என்பது காட்ஸில்லா உடைக்குக் கழுத்தில் ஒரு விசிறி வைத்தது. உடைச் செலவு எந்த அளவுக்குக் கையைக் கட்டியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

• 'அல்ட்ரா செவன்' (1967 அக்டோபர் 1 – 1968 செப்டம்பர் 8): 49 எபிசோடுகள். முதலில் திட்டமிட்டது 39. வரவேற்பைப் பார்த்து 10 கூட்டினார்கள். ஆனால் இன்று வட்டுகளில் கிடைப்பது 48. விடுபட்டது 12வது எபிசோடு. அணுக் கதிர்வீச்சால் இரத்தம் கெட்டுப்போன ஒரு வேற்றுக்கிரக இனம் மனிதர்களின் இரத்தத்தைத் தேடி வரும் கதை அது. 1967இல் ஒளிபரப்பானபோது சர்ச்சை ஏதும் எழவில்லை. 1970இல் ஒரு சிறுவர் இதழின் இணைப்பு அட்டையில் அந்த இனத்துக்கு, அணுகுண்டால் பாதிக்கப்பட்டவர்களைக் குறிக்கும் சொல்லையே பட்டப்பெயராக அச்சிட்டிருந்தார்கள். ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர் பிழைத்தவர்கள் தங்களை அசுரராகக் காட்டியதாக உணர்ந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அதன்பின் சுபுராயா அந்த எபிசோடைத் திரும்பப் பெற்றது. இன்றுவரை முறையாக வெளியிடவில்லை. தேர்வில் '49' என்பதும் '48' என்பதும் தெரிவுகளாக வந்தால், ஒளிபரப்பானதைக் கேட்கிறார்களா, இப்போது கிடைப்பதைக் கேட்கிறார்களா என்று வினாவை இரண்டு முறை படியுங்கள்.

• 1971 முதல் 1975 வரை நான்கு தொடர்கள், நான்கும் ஏறத்தாழ ஓராண்டு: 'கயெத்தகிதா அல்ட்ராமேன்' (திரும்பி வந்த அல்ட்ராமேன்) 51, 'ஏஸ்' 52, 'டாரோ' 53, 'லியோ' 51. ஏப்ரலில் தொடங்கி அடுத்த ஆண்டு மார்ச் இறுதியில் முடிவது இவற்றின் வழக்கம்; டாரோ மட்டும் ஏப்ரல் 5 வரை நீண்டு ஒரு எபிசோடு கூடுதலாகப் பெற்றது.

• 'அல்ட்ராமேன் 80' (1980–81): 50. நாயகன் பள்ளி ஆசிரியராக இருப்பான். முதல் 12 எபிசோடுகளுக்குப் பிறகு பள்ளிக்கூடம் கதையிலிருந்து அப்படியே காணாமல் போய்விடும்.

• 'டிகா' (1996–97) 52. 'டைனா' 51, 'கையா' 51. 'காஸ்மாஸ்' (2001–02) 65. அல்ட்ரா வரிசையில் மிக நீளமானது இதுதான். 'நெக்ஸஸ்' (2004–05) 37. நான்கு கூராகத் திட்டமிட்டுச் சுருக்கிய தொடர். 'மேக்ஸ்' 39, 'மெபியஸ்' 50.

• 2013 முதல் கணக்கு அடியோடு மாறியது. 'கிங்கா' 11, 'கிங்கா எஸ்' 16, 'எக்ஸ்' 22, 'ஆர்ப்' 25. அதற்குப் பின் 25 என்பது நிலையான எண்ணாகிவிட்டது ('டைகா' மட்டும் 26). ஆண்டின் ஒரு பாதியில் புதுத் தொடர் வரும். மறுபாதியில் பழைய எபிசோடுகளை வெட்டித் தொகுத்த தனி நிகழ்ச்சி வரும். பழைய காலத்தில் தொடருக்குள் நுழைந்த இடைநிரப்பலை, அதாவது ஃபில்லரை, இப்போது தொடருக்கு வெளியே தனிப் பெயரில் வைத்துவிட்டார்கள். இது நல்ல ஏற்பாடு என்பது என் கருத்து. 25 வாரத்துக்கு உரிய பணமும் உழைப்பும் 25 வாரத்திலேயே செலவாகின்றன. 'ஸீ' (2020), 'பிளேஸர்' (2023) போன்ற தொடர்களின் காட்சித் தரத்தில் அது கண்கூடாகத் தெரிகிறது.

கேமன் ரைடர் வரிசை

• முதல் 'கேமன் ரைடர்': 1971 ஏப்ரல் 3 – 1973 பிப்ரவரி 10, மொத்தம் 98. ஒரே தொடருக்குள் இரண்டு நாயகர்கள் வந்தது எப்படி என்பது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய செய்தி. நாயகன் ஹோங்கோ டகேஷியாக நடித்த ஃபுஜியோகா ஹிரோஷி, தொடக்க எபிசோடுகளின் படப்பிடிப்பிலேயே மோட்டார் சைக்கிள் விபத்தில் கால் முறிந்து படுத்துவிட்டார். நாயகன் இல்லாமல் படம் எடுக்க வேண்டிய நிலை. முன்பே எடுத்து வைத்த காட்சிகளைச் சேர்த்து, வேறொருவர் குரல் கொடுத்து, முகமூடி அணிந்த சண்டைகளைக் கூட்டி எபிசோடுகளை ஓட்டினார்கள். 13வது எபிசோடில் பழைய அசுரர்கள் கூட்டமாகத் திரும்பி வருவார்கள். 14வது எபிசோடில் சசாகி டகேஷி, இச்சிமோன்ஜி ஹயாட்டோ என்ற இரண்டாம் ரைடராக வந்தார்.

இங்கே ஒரு துணைக் குறிப்பு. கையை வீசி 'ஹென்ஷின்' என்று கூவி உருமாறும் அந்தப் புகழ்பெற்ற அசைவு தொடக்கத்தில் முதல் ரைடரிடம் கிடையாது. இரண்டாம் ரைடரோடு வந்தது. முதலாமவர் வண்டியில் பாய்ந்து செல்லும்போது இடுப்புப் பட்டையில் காற்று பட்டு உருமாறுவார். சசாகிக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டும் உரிமம் இல்லை. ஆகவே நின்ற இடத்திலேயே உருமாற ஒரு வழி தேவைப்பட்டது. பிள்ளைகள் தெருவெங்கும் அதைச் செய்யத் தொடங்கினார்கள், தொடரும் தூக்கிக்கொண்டது. ஃபுஜியோகா 53வது எபிசோடிலிருந்து முழுமையாகத் திரும்பினார்.

• 'வி3' (1973–74) 52. 'எக்ஸ்' (1974) 35.

• 'அமேசான்' (1974 அக்டோபர் 19 – 1975 மார்ச் 29): 24. அந்தக் காலத் தொலைக்காட்சி ரைடர்களில் மிகக் குறுகியது. கதை வறண்டுபோய் நின்றதாக எழுதினால் தவறு. 1975 மார்ச் 31 அன்று ஒசாகா நிலையங்கள் இரண்டு தம் இணைப்பை மாற்றிக்கொண்டன: மைனிச்சி, என்இடி (இன்றைய டிவி அசாஹி) வலைப்பின்னலை விட்டு டிபிஎஸ் பக்கம் போனது, அசாஹி பிராட்காஸ்டிங், டிபிஎஸ்ஸை விட்டு என்இடி பக்கம் வந்தது. கேமன் ரைடர் மைனிச்சியின் தயாரிப்பு என்பதால் அதுவும் கூடவே போனது. கைமாறும் நாளுக்கு இரண்டு நாள் முன்பு அமேசான் முடிந்துவிட்டது.

• அடுத்த சனிக்கிழமை, 1975 ஏப்ரல் 5, இரண்டு தொடர்கள் ஒரே மாலையில் தொடங்கின. டிபிஎஸ்ஸில் 'கேமன் ரைடர் ஸ்ட்ராங்கர்' (39). ரைடரை இழந்த என்இடி அந்த வெற்றிடத்துக்கு டோயேயிடம் கேட்டு வாங்கியது 'ஹிமிட்சு சென்டாய் கோரேஞ்சர்'. அதாவது 24 என்ற அந்தச் சின்ன எண்ணும், சூப்பர் சென்டாய் என்ற அரை நூற்றாண்டு வரிசையின் பிறப்பும் ஒரே நிர்வாக முடிவின் விளைவுகள். இந்தப் பாடத்தில் ஒரே ஒரு செய்திதான் நினைவிருக்கும் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

• ஸ்கைரைடர் (1979–80) 54, 'சூப்பர்-1' 48, 'பிளாக்' (1987–88) 51, 'பிளாக் ஆர்எக்ஸ்' 47.

• 'கூகா' (2000 ஜனவரி 30 – 2001 ஜனவரி 21): 49. நீண்ட இடைவெளிக்குப் பின் தொலைக்காட்சிக்கு வந்த ரைடர். இதற்குப் பின் வந்தவை பெரும்பாலும் 45க்கும் 51க்கும் நடுவே நிற்கும்.

• 'ர்யூகி' (2002–03): 50. இடையில் வந்த '13 ரைடர்ஸ்' சிறப்பு நிகழ்ச்சி இந்த 50இல் சேராது. போரைத் தொடர்வதா, நிறுத்துவதா என்ற முடிவை நேயர்களே தொலைபேசி வாக்கால் தீர்மானித்தார்கள்.

• 'டெகேட்' (2009): 31. ரைடர் தொடர்கள் அதுவரை ஜனவரியில் தொடங்கின; சென்டாய் பிப்ரவரியில். இரண்டும் அருகருகே தொடங்கி முடிவதை மாற்ற, ரைடரைச் செப்டம்பருக்குத் தள்ளினார்கள். அந்த மாற்றத்துக்குப் பாலமாக வந்த தொடர் என்பதால்தான் 31.

• 'விசார்ட்' (2012–13): 53. கதை 51வது எபிசோடிலேயே முடிந்துவிடும். 52, 53 இரண்டும் முந்தைய ரைடர்களை அழைத்து நடத்திய விழா எபிசோடுகள்.

• 'ஜீரோ-ஒன்' (2019–20) 45. 'காவ்' (2024–25) 50.

சூப்பர் சென்டாய் வரிசை

• 'கோரேஞ்சர்' (1975–77): 84. இந்த வரிசையில் மிக நீளமானது. 55 முதல் 67 வரையான எபிசோடுகளில் மஞ்சள் வீரன் வேறு ஆள். முதல் மஞ்சள் வீரனாக நடித்தவர் நாடக மேடைப் பணிக்காகச் சில காலம் விலக, கதையிலும் அவருக்குப் பணிமாற்றம் கொடுத்து அனுப்பினார்கள். புதியவர் கதையில் உயிரிழந்தபின் பழையவர் திரும்பினார்.

• 'ஜாக்கர்' (1977): 35. மிகக் குறுகியது. 'பேட்டில் ஃபீவர் ஜே' (1979–80): 52. சென்டாயில் இராட்சத ரோபோ வந்த முதல் தொடர். அதற்கு முன்னோடி டோயேயின் 'ஸ்பைடர்மேன்' (1978–79, 41 எபிசோடு). ஆம், மார்வெலின் சிலந்தி வீரனுக்கு ஜப்பானில் லியோபார்டன் என்ற ரோபோ இருந்தது.

• 'சேஞ்ச்மேன்' (1985–86): 55. கோரேஞ்சருக்கு அடுத்த நீளம். 'ககுரேஞ்சர்' 53. 'கிராமேஜர்' (2020–21): 45.

• ஓராண்டுத் தொடருக்கு 52 வராமல் 47, 48, 49 என்று ஏன் நிற்கிறது? டிவி அசாஹியின் ஞாயிறு காலை நேரம் ஆண்டில் சில வாரம் வேறு நிகழ்ச்சிக்குப் போய்விடும். நவம்பர் தொடக்கத்தில் அனைத்து ஜப்பான் பல்கலைக்கழக எகிடென் தொடர் ஓட்டம், ஜூனில் அமெரிக்க ஓபன் கோல்ஃப், புத்தாண்டு நாள்கள். 2011 மார்ச் 13 அன்று, பெரும் நிலநடுக்கத்துக்கு இரண்டாம் நாள், 'கோகைஜர்' வரவில்லை. அந்த நேரத்தில் செய்தி ஓடியது. எண்ணிக்கையில் ஒன்றிரண்டு குறைந்தால் எழுத்தாளரைக் குறை சொல்லும் முன் நாள்காட்டியைப் பார்ப்பது நல்லது.

ஃபில்லர் பற்றிய குறிப்புகள்

தேர்வர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். சற்று நிதானமாகப் படியுங்கள்.

• அனிமேயில் ஃபில்லர் எழுவதற்குக் காரணம் தெளிவு. மூலக்கதையான மங்கா இன்னும் வெளிவந்துகொண்டிருக்கும். அனிமே அதை எட்டிப் பிடித்துவிடும். மங்கா முன்னேறும் வரை புதிதாக ஏதாவது சொல்லிக் காலம் தள்ள வேண்டும். டொகுசாட்சுவில் இந்த நிலைமை பெரும்பாலும் இல்லை. கதை தொலைக்காட்சிக்கென்றே எழுதப்படுகிறது. 1971இல் இஷினோமோரி கேமன் ரைடரை மங்காவாக வரைந்தார் என்றாலும் இரண்டும் ஒரே காலத்தில் தனித்தனி வழியில் ஓடின. ஆகவே 'மங்காவில் இல்லாதது ஃபில்லர்' என்ற அளவுகோலை இங்கே கொண்டுவராதீர்கள்.

• அப்படியானால் இடைநிரப்பல் என்று எவற்றைச் சொல்லலாம்? மூன்று வகை உண்டு; மூன்றின் மதிப்பும் ஒன்றல்ல.

முதல் வகை தொகுப்பு எபிசோடு, ஜப்பானியப் பெயர் 'சோஷூஹென்'. பழைய காட்சிகளை வெட்டி ஒட்டி, நடுவே கொஞ்சம் புதுக் காட்சி சேர்ப்பது. பணமும் நாளும் மிச்சமாகும். படப்பிடிப்பு பின்தங்கினால் உயிர் காப்பது இதுதான். 2020 வசந்தத்தில் கொரோனாவால் படப்பிடிப்பு நின்றபோது ஜீரோ-ஒன்னும் கிராமேஜரும் வாரக்கணக்கில் இத்தகைய சிறப்புத் தொகுப்புகளை ஒளிபரப்பின. அவை எபிசோடு எண்ணிக்கையில் சேரவில்லை. இரண்டு தொடர்களும் 45இல் நின்றதன் காரணம் இதுவே. இந்த இணையை 'பொருத்துக' பகுதிக்கு மறவாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் வகை விழா எபிசோடு. 2011இல் 'ஓஸ்' தொடரின் 27, 28 எபிசோடுகள் கேமன் ரைடர் வரிசையின் 1000வது எபிசோடைக் கொண்டாடின; 28வதுதான் அந்த ஆயிரமாவது. முதல் ரைடரின் எதிரி அமைப்பான ஷாக்கரின் பழைய படைவீரன் ஒருவன் உள்ளே வருகிறான், கதாபாத்திரங்களே ரைடர் படம் எடுக்கிறார்கள். 2016இல் 'ஜூஓஜர்' 28, 29 எபிசோடுகள் சென்டாயின் 2000வது எபிசோடைக் கோகைஜர் வீரர்களோடு கொண்டாடின. மையக் கதை இங்கே ஓர் அங்குலமும் நகராது. ஆனால் வரிசை முழுவதையும் நேசிப்பவருக்கு இவை விருந்து.

மூன்றாம் வகை தனிக்கதை. ஒரே எபிசோடில் தொடங்கி அதிலேயே முடிவது. இதை ஃபில்லர் என்று தள்ளிவிடும் பட்டியல்கள் நிறையப் புழங்குகின்றன. அவற்றை நம்பித் தவிர்த்துவிட்டுப் பார்ப்பவர் இந்தக் கலையின் உச்சங்களைத் தவறவிடுகிறார் என்று அடித்துச் சொல்வேன். அல்ட்ரா தொடர்களுக்கு அடித்தளமே தனிக்கதைதான். இழையோடும் மையக் கதை பிற்காலத்தில் வந்து சேர்ந்தது.

மூன்று எடுத்துக்காட்டுகளை விரிவாகத் தருகிறேன். மூன்றும் தேர்வுக்கும் முக்கியம்.

• அல்ட்ராமேன், எபிசோடு 23. கதை சசாகி மமோரு, இயக்கம் ஜிஸ்ஸோஜி அகியோ. ஜமிலா என்ற அசுரன் உண்மையில் ஒரு விண்வெளி வீரன். விண்கலம் வழிதவறி நீரில்லாத கோளில் விழுகிறது. நாடு அவனைத் தேடவில்லை, மறைத்துவிடுகிறது. உருக்குலைந்த உடலோடு பழிவாங்கப் பூமிக்குத் திரும்புகிறான். மேலிடம் அவன் மனிதன் என்பதை வெளியே சொல்லாமல் அழிக்கச் சொல்கிறது. கடைசியில் அல்ட்ராமேன் பயன்படுத்துவது நீர். ஜமிலா சேற்றில் புரண்டு, குழந்தை அழுவது போன்ற குரலில் கதறிச் சாகிறான். தோள்கள் தலைக்கு மேலே ஏறி நிற்கும் அந்த உடையின் வடிவத்தை, சட்டைக் கழுத்தை நெற்றிவரை இழுத்துவிட்டு ஜப்பானியச் சிறுவர்கள் இன்றும் செய்து காட்டுகிறார்கள். இந்த எபிசோடை நீக்கினாலும் தொடரின் கதையில் ஓட்டை விழாது. ஆனால் அல்ட்ராமேன் என்றதும் பெரியவர்கள் முதலில் பேசுவது இதைத்தான்.

• அல்ட்ரா செவன், எபிசோடு 8. கதை கின்ஜோ டெட்சுவோ, இயக்கம் மீண்டும் ஜிஸ்ஸோஜி. மெட்ரான் என்ற வேற்றுக்கிரகவாசி, தொழிலாளர்கள் வாழும் ஒரு பழைய குடியிருப்பில் அறை எடுத்துத் தங்கி, சிகரெட்டில் ஒரு பொருளைக் கலந்து மனிதர்களை ஒருவர்மேல் ஒருவர் சந்தேகம் கொள்ளச் செய்கிறான். மறக்க முடியாத காட்சி: குட்டையான சாப்பாட்டு மேசைக்கு இந்தப் பக்கம் நாயகன் டான், அந்தப் பக்கம் மெட்ரான், இருவரும் தரையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். பின்னணியில் மாலை வெளிச்சம். சண்டை அப்புறம்தான். இதே ஜிஸ்ஸோஜி, அல்ட்ராமேன் 34இல் நாயகனை உருமாற்றக் கருவிக்குப் பதிலாகக் கறிச்சோறு தின்ற கரண்டியைத் தூக்க வைத்தவர். இரண்டும் தனிக்கதைகளே.

• கயெத்தகிதா அல்ட்ராமேன், எபிசோடு 33 (1971 நவம்பர் 19). எழுதியவர் உஎஹாரா ஷோசோ, ஒகினாவாவில் பிறந்தவர். கின்ஜோவும் ஒகினாவாக்காரர் என்பதைச் சேர்த்துப் படியுங்கள். கவாசாகியின் ஆற்றங்கரையில் ஒரு அநாதைச் சிறுவன் நாள்தோறும் மண்ணைத் தோண்டுகிறான். ஊரார் அவனை வேற்றுக்கிரகவாசி என்று சொல்லி விரட்டுகிறார்கள். பெரிய பையன்கள் அவனைக் கழுத்துவரை மண்ணில் புதைத்துத் தலையில் சேற்றுநீரை ஊற்றுகிறார்கள். கடையில் அவனுக்கு ரொட்டி தர மறுக்கிறார்கள். ரொட்டிக்கடைப் பெண் பின்னாலேயே ஓடிவந்து கொடுக்கிறாள், இரக்கத்தில் கொடுத்ததாக அவன் நினைத்துவிடக் கூடாதே என்று கடையில் ரொட்டி விற்பது வழக்கம்தானே என்கிறாள். உண்மையில் வேற்றுக்கிரகவாசி அவனைக் காப்பாற்றி வளர்க்கும் நோயாளிக் கிழவர். கும்பல் திரண்டு வருகிறது, கிழவர் கொல்லப்படுகிறார். அவர் அடக்கி வைத்திருந்த அசுரன் கிளம்பி வர, காப்பாற்றும்படி கத்துவது அதே கும்பல். நாயகன் உடனே எழவில்லை. எழ மனம் வரவில்லை. கான்டோ நிலநடுக்கத்துக்குப் பின் 1923இல் வதந்தியை நம்பிக் கொரியர்களைக் கொன்ற கும்பல்களை இதில் காணாத ஜப்பானிய விமர்சகர்கள் குறைவு. குழந்தைகள் தொடர் என்ற பெயரில், மாலை ஏழு மணிக்கு வந்த எபிசோடு இது. மையக் கதைக்கு இதனால் ஆவது ஒன்றுமில்லை.

• டோயேயில் ஒரு இயக்குநரிடம் இரண்டு எபிசோடுகளை ஒன்றாக எடுக்கக் கொடுப்பது வழக்கம். 'டபிள்யூ' (2009–10, 49 எபிசோடு) போன்ற தொடர்களில் ஒரு வழக்கு இரண்டு வாரம் ஓடுவதற்கு இந்த ஏற்பாடு வசதியாக அமைந்தது. ஓர் அசுர உடை இரண்டு வாரத்துக்கு உழைக்கும். சென்டாயில் பொதுவாக வாரத்துக்கு ஓர் அசுரன்; அதனால் ஒரு வீரனை மட்டும் மையமாக வைத்த தனிக்கதைகள் அங்கே மிகுதி.

• புதுக் கருவி, புது உருவம், புது ரோபோ அறிமுகமாகும் எபிசோடுகள் கதை போகும் வேகத்தைவிட பொம்மைக் கடைக்குச் சரக்கு வரும் தேதியை ஒட்டி அமைகின்றன. பண்டாய் விளம்பரதாரர் என்பதை மறக்க வேண்டாம்.

• இணையவழித் தொடர்கள்: 'கேமன் ரைடர் அமேசான்ஸ்' (2016, 2017) பருவத்துக்கு 13, 'பிளாக் சன்' (2022) 10. வார ஒளிபரப்பின் கட்டாயமும் பொம்மை அட்டவணையின் அழுத்தமும் குறைந்ததால் தனிக்கதைக்கு இடமே இல்லை. நள்ளிரவில் வந்த 'காரோ' (2005–06) 25.

கடல் கடந்தபோது எண் மாறியவை

• 'ஜூரேஞ்சர்' (1992–93) 50 எபிசோடு. அதன் சண்டைக் காட்சிகளை வைத்து அமெரிக்காவில் எடுத்த 'மைட்டி மார்ஃபின் பவர் ரேஞ்சர்ஸ்' முதல் பருவம் 60. 50இலிருந்து 60 எப்படி வரும்? ஜப்பானில் ஒளிபரப்பாகாத புது அசுரர்களோடு கூடுதல் காட்சிகளை எடுத்துத் தரும்படி டோயேயிடமே கேட்டு வாங்கினார்கள்.

• 'கிரிட்மேன்' (1993–94) 39. அமெரிக்க வடிவம் 53.

• 'ஜயண்ட் ரோபோ' (1967–68): 26, சரியாக இரண்டு கூர். இந்தியாவில் 1980களில் தூர்தர்ஷன் பார்த்தவர்களுக்கு 'ஜானி சோக்கோ' என்று சொன்னால் உடனே நினைவுக்கு வரும். ஃபாரோ முகத்தோடு, கைக்கடிகாரத்தில் ஆணை கேட்டுப் பறந்த ரோபோ அதுதான்.

மாதிரி வினா

கூற்று: கேமன் ரைடர் அமேசான் 24 எபிசோடுகளோடு நின்றது.
காரணம்: 1975 மார்ச் இறுதியில் மைனிச்சி நிலையம் என்இடியிலிருந்து டிபிஎஸ் வலைப்பின்னலுக்கு மாறியது.
விடை: கூற்றும் காரணமும் சரி, காரணம் கூற்றை விளக்குகிறது.

கூற்று: ஜீரோ-ஒன்னும் கிராமேஜரும் 45 எபிசோடுகளில் முடிந்தன.
காரணம்: இரண்டுக்கும் பார்வையாளர் ஆதரவு இல்லாததால் பாதியில் நிறுத்தினார்கள்.
விடை: கூற்று சரி, காரணம் தவறு.

தேர்வுக்கு முன் ஒரு மாலை நேரம் கிடைத்தால் பட்டியலை மூடி வைத்துவிட்டு, 1971ஆம் ஆண்டின் அந்த 33வது எபிசோடை முழுதாகப் பாருங்கள். அசுரன் வரும் வரை ஓட்டிவிட்டுப் பார்க்காதீர்கள். முதல் நிமிடத்திலிருந்து பாருங்கள்.